கைராசி

எனக்குக் கைராசிக்காரி என்று ஒரு பெயர் இருந்தது. செங்கல்பட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸிங் ரூம் என் பொறுப்பு. புண்ணைக் கழுவி, மருந்து வைத்து, கட்டுப் போட்டு அனுப்புவது வேலை. "அந்த சிஸ்டரு கை வெச்சா ஆறிடும்" என்று வெளியே பெஞ்சில் இருப்பவர்கள் பேசுவது கதவு வழியே கேட்கும். கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன். உள்ளுக்குள் உச்சி குளிர்ந்துவிடும்.

அந்த ராசி என்னவென்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஆளுக்கும் முன்னாலும் பின்னாலும் சோப்புப் போட்டு, விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்துக் கையைக் கழுவுவேன். மோதிரம், வளையல் கிடையாது. பழைய கட்டைப் பிரித்த கிளவுஸோடு புதுக் கட்டைத் தொட மாட்டேன். அவ்வளவுதான். என்னோடு வேலை பார்த்த இன்னொரு சிஸ்டரும் இதையேதான் செய்தாள். அதே குழாய், அதே சோப்பு. ஆனால் அவள் வாயைத் திறக்க மாட்டாள், நான் வருகிறவர்களிடம் வம்பளந்துகொண்டே கட்டுவேன். பட்டம் எனக்குக் கிடைத்தது.

மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒரு அக்கா வருவார். ஐம்பது வயதிருக்கும். அன்னக்கூடையில் மீனைச் சுமந்துகொண்டு பூஞ்சேரி வரை தெருத் தெருவாக நடந்தே விற்பவர். புருஷன் இல்லை, ஒரே மகளையும் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. கரையில் கெளுத்தி முள் பாதத்தில் ஏறியிருக்கிறது. பிடுங்கிப் போட்டுவிட்டு மறந்துவிட்டார். சர்க்கரை வியாதியால் காலில் உணர்ச்சி குறைந்திருந்தது, அதனால் வலி தெரியவில்லை. புண் பெரிதான பிறகுதான் எங்களிடம் வந்தார்.

முதல் நாளே டாக்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டைப் பிரிச்சுப் பாத்தாகணும். ஒழுங்கா பாத்தா கால் தப்பிச்சிடும்" என்றார். அக்காவுக்கு நடந்தால்தான் சோறு. அதனால் அந்தக் காலைக் காப்பாற்றியே தீருவதென்று எனக்கே ஒரு வீம்பு வந்துவிட்டது.

திருக்கழுக்குன்றம் வழியாக வரும் பஸ்ஸில் காலையிலேயே வந்து பெஞ்சில் முதல் ஆளாக உட்கார்ந்திருப்பார். கட்டின் ஓரம் நனைந்திருந்தால் விட மாட்டேன்.

"இன்னாக்கா, தண்ணியில போய் நின்னீங்களா?"

"நான் எங்க நின்னேன்? தண்ணிதான் வந்து எங்கால்ல நின்னுக்கினு கீது."

சிரித்துக்கொண்டே திட்டுவேன். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். ஒரு மாதத்தில் புண்ணில் புதுச் சதை சிவந்து வளர்ந்து, நெல்லிக்காய் அளவிலிருந்து சுண்டைக்காய் அளவுக்கு வந்துவிட்டது.

ஒருநாள் நான் வேறு வேலையாக இருந்தேன். அந்த இன்னொரு சிஸ்டர் கூப்பிட்டதற்கு அக்கா காலையே நீட்டவில்லை. "உங்கையி வாணாம்மா. ராசிக்கார சிஸ்டரு வரட்டும்" என்றார். அவள் கையும் என் கையும் ஒன்றுதான் என்று நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில், "சரிக்கா, வேற யாரையும் தொட விட மாட்டேன், போதுமா?" என்று சிரித்தேன். அவள் முகம் சுருங்கியதைப் பார்க்கத்தான் செய்தேன்.

அடுத்த வாரம் என் மகளுக்கு அம்மை போட்டது, அவளுக்கு இறங்குவதற்குள் எனக்கு. கூடுவாஞ்சேரி வீட்டு வாசலில் வேப்பிலை செருகிவிட்டு உள்ளேயே கிடந்தோம். தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றும்வரை வெளியே போகக்கூடாது. புண்ணோடு வருகிறவர்கள் பக்கம் போகவே கூடாது. முதல் வாரமே அக்கா போன் செய்தார்.

"எப்ப வருவே சிஸ்டரு? ஆஸ்பத்திரிலேந்து அந்தப் பொண்ணு ரெண்டு வாட்டி போன் போட்டு வரச் சொல்லிச்சு. நான் போவல."

"அம்மை போட்டிருக்குக்கா. சீக்கிரம் வந்துடுவேன். வந்து நானே பாக்கறேன்."

"சரி கண்ணு, ஒடம்ப பாத்துக்கோ. நான் உனுக்கோசரம் காத்துகினு கீறேன்."

நாளைக்கே போய் அவளிடம் கட்டைப் பிரித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். காய்ச்சல் என்று சாக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், எனக்கே ஒட்டவில்லை. என் கைக்காக ஒருவர் காத்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் உண்மை.

மூன்று வாரம் கழித்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று அக்காதான் முதல் ஆள். கட்டு நனையக் கூடாது என்று நான் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, காலில் பிளாஸ்டிக் கவரைச் சுற்றி இறுக்கிக் கட்டி, அதோடேயே இத்தனை நாளும் மீன் விற்றிருக்கிறார். கவரை அவிழ்த்துவிட்டுக் காலைத் தூக்கிக் காட்டினார்.

"பாரு, நீ கட்னது கட்னபடியே கீது. ஒரு பொட்டுத் தண்ணி படல."

கட்டு வெளியே வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் வாடை வந்துவிட்டது. சலைன் ஊற்றி நனைத்துப் பிரித்தேன். வேர்வையில் ஊறி, சீழ் குதிகால்வரை இறங்கியிருந்தது. இரண்டு விரல்கள் கருத்திருந்தன.

"வலியே இல்ல சிஸ்டரு. ஆறிப்போச்சு இல்ல?"

டாக்டரைக் கூப்பிட்டேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கொஞ்ச நாள் கழித்து, எடுத்த இடத்தில் கட்டு மாற்ற அக்காவை அவர் மகள் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள். அப்போதும் என்னிடம்தான் கட்டிக்கொள்வேன் என்றாராம். பெஞ்சில் இருந்தவர்களிடம், "இவங்க கை பட்டிருந்தா எங்காலு போயிருக்காது. அம்மை வந்து கெடுத்துடுச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினேன். கையைக் கழுவிக்கொண்டே சொன்னேன். "கைராசின்னு ஒண்ணும் இல்லக்கா. சோப்புப் போட்டுக் கழுவுறேன், அவ்ளோதான். அந்தப் பொண்ணும் இதேதான் கழுவுறா. அவ பிரிச்சுப் பாத்திருந்தாலும் உங்க காலு இருந்திருக்கும்."

அக்கா குழாயைப் பார்த்தார். சோப்பைப் பார்த்தார். ஈரம் சொட்டிக்கொண்டிருந்த என் கைகளைப் பார்த்தார். கோபமே இல்லாமல், தெரியாததைக் கேட்கிறவர் மாதிரி கேட்டார்.

"அப்ப நான் எதுக்கு சிஸ்டரு அத்தினி நாளு காத்துகினு இருந்தேன்?"