வாழ்த்துவோர்: அத்தை, மாமா, புத்தூர்

திருச்சியில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. எதை எழுதினாலும் யாருக்காக எழுதுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள் என்று வருடா வருடம் வகுப்பில் சொல்கிறேன். பிள்ளைகள் தலையை ஆட்டிக்கொண்டே பெஞ்சுக்கு அடியில் போனைப் பார்ப்பார்கள். காலையில் போட்ட ஸ்டேட்டஸை யார் யார் பார்த்தார்கள் என்ற கவலை அவர்களுக்கு. குறை சொல்ல மாட்டேன். ஸ்டாஃப் ரூமில் நானும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் யார் பார்த்தார்கள் என்று தெரிந்துகொள்ள வழியே இல்லாமல் ஒருத்தி போட்ட ஸ்டேட்டஸ் ஒன்று என் நினைவில் இருக்கிறது. அப்போது அந்த வார்த்தையே புழக்கத்தில் இல்லை.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவுக்குக் கேபிள் கொடுத்தவர் சொந்தமாக ஒரு லோக்கல் சேனலும் நடத்தினார். பழைய படம், சாமி புறப்பாடு, ஜவுளிக்கடை விளம்பரம், சாயங்காலமானால் பிறந்தநாள் வாழ்த்து. போட்டோ கொடுத்தால் போதும், சுற்றிலும் பூ பறக்கவிட்டு, கீழே 'வாழ்த்துவோர்' என்று சொந்தக்காரர்களை வரிசையாக ஓடவிடுவார்கள். யாராவது விட்டுப்போனால் வம்புதான். அதனால் கல்யாணப் பத்திரிகைக்கு யோசிப்பதுபோல் யோசித்து அப்பா என் பிறந்தநாளுக்குப் பெயர்களை எழுதிக் கொடுத்தார். பெரியப்பா, சித்தப்பா, மதுரையில் இருந்த ஒன்றுவிட்ட மாமா வரைக்கும் இடம் இருந்தது. அப்பாவின் கூடப்பிறந்த தங்கைக்கு மட்டும் இல்லை.

அத்தை வேறு சாதிக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு புத்தூருக்குப் போய்விட்டாள். அவளோடு வீட்டில் யாரும் பேசக் கூடாது, போகவும் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. எனக்குத் தினமும் தலை பின்னிவிட்டவள் அவள்தான். கேட்டால் வெளியூரில் இருக்கிறாள் என்பார்கள். பஸ் ஏறினால் வந்துவிடும் புத்தூர் அப்படித்தான் எங்கள் வீட்டில் வெளியூர் ஆனது.

அன்று சாயங்காலம் பட்டுப்பாவாடையோடு டிவி முன்னால் உட்கார்ந்தேன். என் போட்டோ வந்தது, பெயர்கள் ஓடின, அப்பாவுக்குத் திருப்தி. அடுத்து யார் வீட்டுப் பிள்ளையோ என்று பார்த்தால் மறுபடியும் நான். அதே பாவாடை, அதே ஸ்டுடியோ நாற்காலி. கீழே ஒரே வரி ஓடியது. வாழ்த்துவோர்: அத்தை, மாமா, புத்தூர்.

"ஐ! நான் ரெண்டு தடவை வந்துட்டேன்!" என்று குதித்தேன். தெருவில் வேறு எந்தப் பிள்ளைக்கும் கிடைக்காத கௌரவம் அல்லவா.

அப்பா எழுந்து டிவியை அணைத்தார். "ஊரே பாத்திருக்கும்" என்றார். ஊர் பார்த்திருக்கும்தான். பார்க்க முடியாதவள் அத்தை ஒருத்திதான். புத்தூரில் கேபிள் வேறு ஆளுடையது, இந்தச் சேனல் அங்கே வராது. எங்கள் வீட்டுக்குள் நுழைய அவளுக்கு இருந்த ஒரே வழி அந்த டிவி. நாங்கள் பார்த்தோமா, அணைத்தோமா என்றுகூட அவளுக்குத் தெரியப்போவதில்லை.

அப்பாவின் யோசனை வேறு பக்கம் போனது. "போட்டோ நேத்துதானே வந்துச்சு. அவ கைக்கு எப்படிப் போச்சு?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

அம்மா கேசரித் தட்டைக் கையில் எடுத்தாள். எனக்கு விடை தெரியும். ஸ்டுடியோவுக்குப் போனது நானும் அம்மாவும்தான். "இன்னொரு காப்பி போடுங்கண்ணே" என்று அம்மா கேட்டு வாங்கியதும், அதைத் தனியாகப் பையில் வைத்துக்கொண்டதும் என் கண் முன்னால்தான். வகுப்பில் செய்வதுபோல் கையைத் தூக்கினேன்.

"எனக்குத் தெரியும்ப்பா! ஸ்டுடியோவுல..."

முடிப்பதற்குள் அம்மா என் வாய் நிறையக் கேசரியைத் திணித்தாள். "பொறந்தநாளும் அதுவுமா புள்ள இன்னும் ஒண்ணும் சாப்பிடலங்க" என்று அப்பாவிடம் சொன்னாள். அவள் கை என் வாயை விட்டு நகரவில்லை. கேசரி சிந்தாமல் பிடித்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன். அன்றைக்கு என்மேல் அம்மாவுக்கு ஏனோ தனிப் பிரியம் என்று முடிவு செய்துகொண்டு, இன்னொரு வாய் கேட்டேன்.