சுருங்கும் பச்சை வட்டம்

ஓடும் பைக்கில், ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி, கண் முன்னே சுருங்கும் வட்டம் மறைவதற்குள் நீங்கள் முடிவெடுத்ததுண்டா?

அந்த வட்டத்தை வரைந்தவளை ஆபீஸில் ‘பிக்ஸல்’ என்பார்கள். திரையில் ஒரு புள்ளி விலகியிருந்தாலும் அவளுக்குச் சோறு இறங்காது. டெலிவரி ஓட்டுநர்களுக்கான செயலியை வடிவமைப்பது அவள் வேலை. ஆர்டர் வந்ததும் பச்சை வட்டம் சுருங்கும். ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தான் உள்ளங்கை அகலம். ‘வேண்டாம்’ அடியில், வெளிறிய சாம்பல் எழுத்தில். ஏசி அறையில், மேஜைமேல் போனை வைத்துச் சோதித்தார்கள். கைதட்டினார்கள். வண்டியில் வைத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் அவள் ஸ்கூட்டர் மக்கர் செய்தது. டெலிவரி ஓட்டும் அவள் தம்பி தன் பைக்கில் அவளை ஆபீஸில் இறக்கிவிட வந்தான். பாலத்தில் ஏறும்போது ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த அவன் போன் அலறியது. அவன் கட்டைவிரல் பாய, வண்டி ஒரு ஆட்டம் ஆடியது. பக்கத்து லாரி ஹாரனில் உயிரே போய்வந்தது.

“டேய்! ரோட்டப் பாருடா!”

“வட்டம் முடியறதுக்குள்ள அமுக்கலன்னா அடுத்த ஆர்டர் லேசுல வராதுக்கா. இதக் கண்டுபிடிச்ச புண்ணியவான என் பின்னாடி உட்கார வச்சு ஓட்டணும்.”

“உட்கார்ந்துதான்டா இருக்கேன்.”

அவன் சிரிக்கவில்லை.

அன்றே புதிதாக ஒரு திரை வரைந்தாள். வண்டி நின்ற பிறகே கேள்வி வரும். இரண்டு பொத்தானும் ஒரே அளவு. மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

“பிக்ஸல், வட்டம் வந்தப்புறம் ஆர்டர வேண்டாம்னு சொல்றவங்களே கொறஞ்சுட்டாங்க. எல்லாருக்கும் பிடிச்சிருக்கு!”

“சொல்ல நேரம் எங்க சார் குடுத்தோம்? பயத்துல அமுக்கறாங்க. என் தம்பி அமுக்கறத இன்னிக்கு பின்னாடி உட்கார்ந்து பார்த்தேன்.”

“தம்பி பாசமா? அவன மெதுவா ஓட்டச் சொல்லும்மா. நீ வட்டத்த இன்னும் வேகமாக்கு.”

“மாட்டேன் சார்.”

வேலை பக்கத்து நாற்காலிக்குப் போனது. இவளுக்குக் கூட்டங்களுக்கு அழைப்பு வருவது நின்றது. தம்பி வரத் தாமதமானால் போனை எடுக்கிறாள். அவன் போன் அடித்தால் கண் ரோட்டைவிட்டுத் திரும்புமே என்று கீழே வைக்கிறாள். ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடக்கிறாள்.

தலைவிதி என்று யாரும் சொல்ல வேண்டாம். பொத்தானின் அளவை விதி முடிவு செய்வதில்லை. சம்பளம் வாங்கும் மனிதர்கள் நாற்காலியில் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். மனிதர்கள் செய்ததை மனிதர்கள் மாற்றலாம். வேகமான வட்டம் இன்னும் வெளிவரவில்லை.

அடுத்த பொட்டலம் உங்கள் வாசலுக்கு வரும்போது செயலி கருத்துக் கேட்கும். நட்சத்திரத்தைத் தட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். ‘வண்டி ஓடும்போது ஓட்டுநரிடம் எதையும் கேட்காதே’ என்று எழுதி அனுப்புங்கள்.