அளக்க வந்தது குழந்தையைத்தான்

பிரசவமாகிப் பதினேழாம் நாள் மதியம், பாப்பாவுக்குப் பால் கொடுக்க ஒருக்களித்துப் படுத்தேன். நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் மூச்சு முட்டியது. எழுந்து சுவரில் சாய்ந்ததும் சரியானது. மறுநாளும் அப்படித்தான். பிறகு நான் படுப்பதையே விட்டுவிட்டேன்.

கால் வீங்கியிருந்தது. வறட்டு இருமல் வேறு. "பச்ச ஒடம்பு, காத்து பட்டிருக்கும்மா" என்றாள் அம்மா. எனக்கு அது முதல் பிரசவம். எது இயல்பு, எது நோய் என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அப்போது சின்ன காஞ்சிபுரத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். ஒரு பல்கலைக்கழகக் குழு எங்கள் பகுதியில் பிறக்கும் குழந்தைகளின் வளர்ச்சியை வீடு வீடாக வந்து கவனித்துவந்தது. நான் கர்ப்பமாக இருந்தபோதே அதற்குச் சம்மதித்துக் கையெழுத்திட்டிருந்தேன். இருபதாம் நாள் அந்தக் குழுவின் களப்பணியாளர் மல்லிகா அக்கா எடை பார்க்க வந்தார். அவருக்குப் பக்கத்து ஊரான ஓரிக்கை. கையில் இருந்த படிவத்தில் எல்லாமே குழந்தையைப் பற்றிய கேள்விகள்.

பாப்பாவின் எடையையும் நீளத்தையும் எழுதிக்கொண்டு, ஒரு நாளைக்கு எத்தனை முறை பால் கொடுக்கிறேன் என்று கேட்டார். அந்த ஒரு பதிலுக்குள் இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்கினேன். அவர் பேனாவை மூடினார்.

"ஏம்மா, எப்பலேர்ந்து இப்பிடி மூச்சு வாங்கிக்கினு இருக்குது?"

"மூணு நாளாக்கா. உக்காந்தா பரவால்ல. படுத்தாதான் முடியல."

கைப்பேசியில் நேரம் வைத்து ஒரு நிமிடம் என் மூச்சை எண்ணினார். வாசலுக்குப் போய்த் தங்கள் குழுவின் மருத்துவரிடம் பேசிவிட்டு வந்தார். "இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கெளம்பணும்மா. நானும் கூட வரேன்."

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "பொறந்து முப்பது நாள்கூட ஆவல. பச்ச புள்ளய வுட்டுட்டு எப்பிடிம்மா வாசப்படி தாண்டுவா?"

மல்லிகா அக்கா குரலை உயர்த்தவில்லை. "கொழந்த நல்லா இருக்குதும்மா. ஒங்க பொண்ணுதான் சரியில்ல."

அந்த இருபது நாளில் வீட்டுக்கு வந்தவர்களில் என்னைப் பற்றிப் பேசிய முதல் ஆள் அவர். நான் எழுந்து செருப்பைத் தேடினேன்.

மருத்துவமனையில் எக்கோ (ஒலி அலைகளைக் கொண்டு இதயத்தின் இயக்கத்தைப் பார்க்கும் பரிசோதனை) எடுத்தார்கள். மருத்துவர் என் கணவர் பிரகாஷையும் உட்காரவைத்து விளக்கினார். வந்திருப்பது பேறுகால இதயத்தசை நோய் (பிரசவத்தையொட்டி இதயத்தின் தசை தளர்ந்து, ரத்தத்தை வெளித்தள்ளும் வலு குறைவது). நுரையீரலில் நீர் கோத்திருந்தது.

"நான் எதாவது தப்பா சாப்ட்டேனா டாக்டர்?"

"இல்லம்மா. நீ செஞ்சது எதுவும் காரணம் இல்ல. ஆனா இன்னும் ரெண்டு நாள் வீட்லயே இருந்திருந்தா கஷ்டம்."

பதினோரு நாள் வார்டில் இருந்தேன். உப்பு குறைவு, தண்ணீரும் அளந்துதான். மார்பில் பால் கட்டிக்கொண்டு வலித்தது. பிறகு பால் வற்றிவிட்டது. வீட்டில் அம்மா பாப்பாவுக்குப் பாலாடையில் பவுடர் பால் புகட்டினாள். மூச்சு முட்டியபோதுகூட அழாத நான் அதற்கு அழுதேன்.

ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டபின் எடுத்த எக்கோவில் இதயம் பெருமளவு தேறியிருந்தது. ஆனால் இன்னொரு கர்ப்பம் உயிருக்கே ஆபத்தாகலாம் என்றார் மருத்துவர். வெளியே நடைவழியில் பிரகாஷ் சொன்னார்: "உன் ஒடம்பு பட்டது போதும்மா. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன நானே பண்ணிக்கிறேன்."

"ஆம்பளைக்கு எதுக்குடா அதெல்லாம்?" என்று மாமியார் ஒரு வாரம் மகனிடம் பேசவில்லை. பிரகாஷ் போய்ச் செய்துகொண்டு வந்தார்.

உங்கள் வீட்டில் பிரசவித்த பெண் இருந்தால், குழந்தையை விசாரிப்பதுபோல் அவளையும் விசாரியுங்கள். படுக்க முடிகிறதா, பேசும்போது மூச்சு வாங்குகிறதா என்று கேளுங்கள். மூச்சு முட்டினால் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

பாப்பாவுக்கு இப்போது இரண்டு வயது. முன்பெல்லாம் இதயம் என்று ஒன்று இருப்பதே என் நினைவில் இருக்காது. இன்று மாடிப்படியில் பாதி ஏறும்போதே அது காதில் கேட்கிறது. அடுத்த வருடம் என்று நான் பேசுவதில்லை. அடுத்த எக்கோ வரைக்கும்தான் என் கணக்கு. மாலையில் தெருவில் பாப்பா ஓட, நான் பத்தடி துரத்திவிட்டு நின்றுவிடுவேன். அவளும் நின்று, இடுப்பில் கைவைத்து, தனக்கு இரைக்காவிட்டாலும் என்னைப்போலவே மூச்சு வாங்குவாள். ஓட்டம் என்றால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.