காதைக் கெடுக்கும் பேயின் முகம்

போன சனிக்கிழமை, லண்டனின் சட்டன் பகுதியில் நான் வேலை செய்யும் நூலகத்தில், என் அண்ணை சிங்கள முகமூடிகளைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. கேட்கப்பட்டவருக்கும் தெரியவில்லை.

முதலில் அண்ணையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் லொறி மெக்கானிக். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். "மூண்டாவது சிலிண்டர்" என்பார். கழற்றிப் பார்த்தால் அதுவாகவே இருக்கும். யுத்தகாலத்தில் ஒருநாள் காலையில் அரசாங்கத்தின் பொம்மர் விமானம் வந்து, கராஜுக்குப் பக்கத்து வளவில் குண்டு போட்டுவிட்டுப் போனது. அண்ணையின் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. தப்பிவிட்டார் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். காது போனதை அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை.

இப்போது லண்டனில் என்னோடு இருக்கிறார். வலது காதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பக்கத்தில் நின்று உரத்துச் சொன்னால் பாதி பிடிபடும். மிச்சத்துக்கெல்லாம் ஒரே பதில் — "ஓம்", எங்கள் ஊர் 'ஆமாம்'.

சாப்பிட்டீங்களோ? ஓம். எந்த ஊர் அண்ணை? ஓம். சிரித்துக்கொண்டே சொல்வார். அதிகம் கதைக்காத நல்ல மனுஷன் என்று சனம் நினைத்துக்கொண்டிருக்கிறது. நாங்களும் அதைத் திருத்தவில்லை. ஏன் திருத்தவில்லை? அவருடைய வெட்கத்தை மதிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டோம். உண்மையில் எங்களுக்கும் அது வசதியாக இருந்தது.

அகதி விண்ணப்பத்துக்கான நேர்காணலுக்குத் தனியாகத்தான் போனார். நான் வருகிறேன் என்றபோது, "நான் என்ன குழந்தைப்பிள்ளையோ?" என்று கோபித்தார். அங்கே, "கொழும்பில் உங்களால் பயமில்லாமல் வாழ முடியுமா?" என்று கேட்டிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் அகலமான மேசைக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறார்.

அண்ணை சிரித்துக்கொண்டே "ஓம்" என்றிருக்கிறார்.

மறுப்புக் கடிதத்தில் அந்த ஒரு வார்த்தைக்கு ஒரு முழுப் பந்தி ஒதுக்கியிருந்தார்கள். அப்பீலுக்கு லோயர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: காது கேட்காது என்பதற்கு ஆஸ்பத்திரி அறிக்கை. அண்ணை மறுத்துவிட்டார்.

"என்னைச் செவிடன் எண்டு பேப்பரில எழுதிக் குடுக்கவோ? எனக்குக் கேக்கும்."

இரண்டு தடவை கிளினிக்கில் நேரம் எடுத்தேன். இரண்டு தடவையும் அண்ணை போகவில்லை. அப்பீல் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது…

இந்த நேரத்தில்தான் நூலகத்தில் இலங்கைக் கைவினைப் பொருள்களுக்கு இரண்டு வாரம் ஒரு மேசை ஒதுக்கினார்கள். கொண்டுவந்து தந்தவர் சோமபால. சட்டனில் பஸ் ஓட்டுபவர், தென்னிலங்கைக் கடற்கரை ஊர்ச் சிங்களவர். நகத்தாலேயே அரக்கை இழுத்து அலங்கரித்த சிறு பெட்டிகள், யானையும் அன்னமும் நெய்த ஒரு பாய், ஐந்து மர முகமூடிகள். பொருள்களின் பெயர்களைத் தமிழில் எழுதி வைக்கும் வேலை எனக்கு.

முதல் நாளே, தோர்ண்டன் ஹீத்தில் இருக்கும் எங்கள் ஊர்த் தம்பி ஒருவரிடமிருந்து போன். "அக்கா, எங்களுக்குக் குண்டு போட்டவங்கட சாமானைக் காட்சிக்கு வைக்க நீங்களும் உடந்தையோ?"

மரக்கட்டை என்ன பாவம் செய்தது என்று கேட்பது சுலபம். ஆனால் பெட்டியைத் திறந்து முதல் முகமூடியைத் தூக்கியபோது எனக்கும் கை கூசியது. துருத்திய கண், கோணிய வாய், முகத்தின் ஒரு பக்கத்தில் படரும் பாம்பு… இதை நான் மறைக்கக்கூடாது.

"இதெல்லாம் பேய்தானே?" என்று சோமபாலவிடம் கேட்டேன்.

"பேய்தான். ஆனால் வருத்தங்களுடைய பேய், நோய்களுடைய பேய்" என்றார். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். "மொத்தம் பதினெட்டு. கண்ணுக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று… நீங்கள் பிடித்திருப்பது காதைக் கெடுப்பது."

அப்படியே எழுதினேன்: 'பதினெட்டு நோய்ப் பேய்களில் ஒன்று — காதைக் கெடுக்கும் பேய்.' எழுதும்போது அண்ணை நினைவுக்கு வந்தார். அவர் அங்கே வருவார் என்று நினைக்கவில்லை.

வந்தார். சனிக்கிழமை, கடைச் சாமான் பையோடு, என்னைக் கூட்டிக்கொண்டு போக. மேசையைப் பார்த்தார். என் கையெழுத்தை வாசித்தார். முகமூடியை எடுத்தார்.

"இது என்ன தங்கச்சி?" நூலகம் முழுக்கக் கேட்கும் குரலில்.

பொருள்களைத் துடைத்துக்கொண்டிருந்த சோமபால நிமிர்ந்தார். நான் மெல்ல என் காதைத் தொட்டுக் காட்டினேன். அவருக்கு விளங்கிவிட்டது. முகமூடியை வாங்கித் தன் முகத்தில் வைத்துக்கொண்டார். இல்லாத மேளத்தை ஒரு கையால் தட்டினார். மேளக்காரர் கேள்வி கேட்கிறார். பேய் காதைச் சாய்த்து, சம்பந்தமில்லாத ஒரு பதில் சொல்கிறது. ஊர் சிரிக்கிறது — எல்லாவற்றையும் கையாலும் தலையாலும் நடித்துக் காட்டினார். பிறகு அந்தச் சடங்கை அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் ஒரு கடதாசியில் தமிழில் எழுதி அண்ணையிடம் நீட்டினேன்.

'நோயாளியை நடுவில் இருத்தி, ஊர் முழுக்கச் சுற்றி இருக்கும். பேய் எல்லாருக்கும் முன்னால் வந்து தன் பெயரைச் சொல்ல வேண்டும். காணிக்கை வாங்கிக்கொண்டு அதற்குப் பிறகுதான் போகும்.'

அண்ணை இரண்டு தரம் வாசித்தார். "வருத்தக்காரனும் சிரிப்பானோ?"

சோமபால முகமூடியை இறக்கினார். "அவன் சிரிக்க வேண்டும் என்றுதான் இவ்வளவும்."

எழுதிக் காட்டினேன். அண்ணை வாசித்தார். பிறகு நிமிர்ந்து, சோமபாலவைப் பார்த்து, சிங்களத்தில் சொன்னார்:

"மட்ட எஹென்னே நே."

எனக்குக் கேட்காது.

ஒரு காலத்தில் தெற்கிலிருந்து வரும் லொறி டிரைவர்களிடம் பழகிய சிங்களம். எனக்குச் சொல்லாததை, லோயருக்குச் சொல்லாததை, தமிழில் ஒருவருக்கும் சொல்லாததை, அந்தப் பாஷையில் சொன்னார். சொந்தப் பாஷையில் சொன்னால் அது உண்மையாகிவிடும் என்ற பயமோ?

"தெரியும், அய்யா" என்றார் சோமபால. சிங்களத்தில் 'அய்யா' என்றால் அண்ணன்.

அதோடு முடிந்திருந்தால் நல்ல கதையாகியிருக்கும். முடியவில்லை. அண்ணை மற்ற முகமூடிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பதினெட்டு எண்டு எழுதியிருக்கிறாய். என்ர காது பேயால போகேல்லை. பொம்மர் ஓட்டினவன்ர முகம் இதில எது எண்டு கேள்."

நான் கேட்கவில்லை. அண்ணையே தனக்குத் தெரிந்த சிங்களத்தைத் திரட்டி, ஆகாயத்தைக் கைகாட்டிக் கேட்டார்.

சோமபால முகமூடியை மேசையில் வைத்தார். சரியாக வைக்கிறாரா என்று பார்ப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மிக மெதுவாக, ஆங்கிலத்தில் இரண்டு வரி சொன்னார்.

அண்ணைக்குக் கேட்டிருக்காது. வழக்கமாக என்ன செய்வார்? சிரித்துக்கொண்டு தலையாட்டுவார். எல்லோரும் அப்படியே வீட்டுக்குப் போவோம்.

"என்ன? எனக்குக் கேக்கேல்லை" என்றார் அண்ணை. "தங்கச்சி, எழுது."

எழுதினேன். 'அந்த முகத்தை இன்னும் ஒருவரும் செதுக்கவில்லை. செதுக்குகிறவனை எங்கள் ஊரில் இருக்க விடமாட்டார்கள்.'

அண்ணை வாசித்தார். கடதாசியை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். சோமபாலவின் தோளில் ஒருதரம் கையை வைத்துவிட்டு எடுத்தார்.

புதன்கிழமை கிளினிக்குக்குத் தானாகவே வெளிக்கிட்டார். கண்ணாடி அறைக்குள் இருத்தி ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். நான் வெளியே நின்று பார்த்தேன். நீண்ட நேரம் அவருடைய விரல் அசையவேயில்லை. அழுத்துவதாக நடிக்கவும் இல்லை. எனக்குக் கண் கலங்கியது — பெருமையாலா, துக்கத்தாலா என்று இன்னும் தெரியவில்லை.

அறிக்கை லோயரிடம் போய்விட்டது. அப்பீல் என்னாகும்? தெரியாது. முகமூடி அண்ணையின் காதைத் திருப்பித் தரவும் இல்லை. ஒரு வருத்தத்துக்கு முகம் செதுக்கி, அதை ஊர் நடுவில் ஆடவிட்டவர்களுக்கு, வருத்தத்தைத் தனியாக மூடிவைத்தால் மனுஷன் என்னாவான் என்று தெரிந்திருக்கிறது. அவ்வளவுதான் எனக்கு விளங்கியது. தோர்ண்டன் ஹீத் தம்பிக்கு அண்ணையின் கேள்வியையும் சொல்லி, இதையே சொன்னேன். "அண்ணையின்ர அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் வரேல்லையே, அக்கா" என்றார். உண்மைதான். வரவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் எல்லோரும் அண்ணையோடு வாய்விட்டுக் கத்தித்தான் பேசுகிறோம் — பக்கத்து வீட்டுக்காரர்கள் மன்னிக்கவேண்டும்.