யூனிஃபார்முக்குள் மஞ்சள் ஜெர்சி

வெளிநாட்டுக்குக் கட்டட வேலைக்கு வந்த எங்களை, சோனாப்பூர் லேபர் கேம்ப்பிலிருந்து சைட்டுக்கு ஏற்றிப்போன பஸ் டிரைவர் நாகர்கோவில்காரர், ஒடிசலான ஆள். அவர் படித்த காலேஜுக்கும் பக்கத்துக் காலேஜுக்கும் வருடந்தோறும் ஃபுட்பால் மேட்ச் நடக்கும். அது நெருங்கினால் போதும், யூனிஃபார்முக்குள் பழைய மஞ்சள் ஜெர்சி ஏறிவிடும். “இந்த வாட்டி நாமதான், பாத்துக்கிடுங்க!” என்பார். எனக்குத் தெரிந்து அவர்கள் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை.

அந்த வருட மேட்ச் அன்று, சைட் வாசலில் பஸ்ஸை நிறுத்திவிட்டு ஃபோனைப் பார்த்தார்.

“ஊர்ல ராத்திரி பூரா மழையாம். கிரவுண்டு முழுக்கத் தண்ணி. இந்த வருஷம் மேட்ச் கிடையாதாம்.”

ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவரோ ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார்.

“தப்பிச்சோம் அண்ணாச்சி! இன்னும் ஒரு வருஷத்துக்கு ஜெயிப்போம் ஜெயிப்போம்னு சொல்லிக்கிட்டே திரியலாம்லா!”

ஜெயித்தவர்கள்கூட அவ்வளவு நிம்மதியாகச் சிரித்து நான் பார்த்ததில்லை.