அண்ணனின் இடப்பக்கத்து இலை

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. நினைவு நாளில் கொடுக்கும் இந்த மலரில் அவரைப் பற்றி நாலு வார்த்தை எழுதச் சொன்னார் மதினி. அண்ணனைப் பற்றிச் சொல்ல நல்லதற்குக் குறைவில்லை. எழுதுகிற தங்கைக்குத்தான் கூச்சமாக இருக்கிறது.

அம்பாசமுத்திரத்தில் பிறந்தவர். அப்பா காலமானதும் படிப்பை விட்டுவிட்டுப் புனேவுக்கு ரயிலேறினார். தளேகாவில் தொழிற்சாலை வேலை. என்னைப் படிக்க வைத்ததும், இந்த ஊரிலேயே கட்டிக்கொடுத்ததும் அவர்தான். கோபமே வராதவர், எச்சில் விஷயத்தில் மட்டும் மகா கறார். பந்தியில் பக்கத்து இலையைப் பார்ப்பதே தப்பு என்பார்.

பணி ஓய்வுக்குப் பிறகு மூளையில் கட்டி என்றார்கள். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் இரண்டு கண்ணிலும் இடப்பக்கத்துப் பார்வை போய்விட்டது. அந்தச் சமயம் என் மகளுக்கு வரன் கூடிவந்திருந்தது. மூளை நோய் உள்ள குடும்பம் என்று மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிடக் கூடாதே என்று யாரிடமும் சொல்லாமல் மறைத்தோம். அது என் யோசனை.

நிச்சயதார்த்தப் பந்தியில் அண்ணனுக்கு வலப்பக்கம் சம்பந்தி, இடப்பக்கம் நான். அண்ணனின் வடை இலையின் இடது ஓரத்தில் இருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தது சம்பந்தி இலையிலிருந்த வடை. எடுத்து ஒரு கடி கடித்துவிட்டார். சம்பந்தி பந்தியை விட்டு எழுந்துவிட்டார். எதிர்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் தலை குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அண்ணனை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

திரும்பும்போது ரிக்‌ஷாவில் கேட்டார்: "நீ மட்டும் பக்கத்துல இருந்திருந்தா என் கையப் பிடிச்சிருப்பல்லா?"

"ஆமாண்ணே" என்றேன்.

இனி எந்தப் பந்திக்கும் வரமாட்டேன், கல்யாணத்துக்கும் வரவில்லை என்றுவிட்டார். தாய்மாமன் இல்லாமல் கல்யாணமா? மதினிதான் சம்பந்திக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சம்பந்தி ஹிஞ்சேவாடியிலிருந்து அண்ணனைப் பார்க்க வந்தார்.

"முதல்லயே சொல்லியிருந்தா நானே என் வடையத் தூக்கி உங்க இலையில வச்சிருப்பேனே, சம்பந்தி!"

அதன் பிறகுதான் ஆஸ்பத்திரியில் சொன்ன பார்வைப் பயிற்சிக்கே அண்ணன் சம்மதித்தார். பயிற்சி தந்த பெண் தட்டின் இடது விளிம்பில் சிவப்பு டேப் ஒட்டினார். டேப் கண்ணில் படும்வரை தலையைத் திருப்பிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். மதினி "லெஃப்ட்!" என்று அதட்டுவார். "பட்டாளத்துல சேத்துட்டா" என்று அண்ணன் முனகுவார். போன பார்வை வரவில்லை. தலையைத் திருப்பும் பழக்கம் வந்தது.

கல்யாணத்தில் மாமன் சீர் குறைவின்றிச் செய்தார். பந்தியில் அதே வரிசை. பரிமாறியதும் அண்ணன் தலையை நன்றாக இடப்பக்கம் திருப்பினார். வடையைப் பார்த்தார், ஊறுகாயைப் பார்த்தார், அதற்கப்பால் என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கும் இங்கனதான் இருந்தியாட்டி?"

நான் சோற்றைப் பிசைந்தேன்.

"சாப்பிடு, சோறு ஆறுது" என்றார். கட்டி மறுபடி வளர்ந்து படுக்கையில் விழுந்தபோதும், கடைசிவரை, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும், டேப் ஒட்டிய அந்தப் பெண்ணுக்கும், முறை வைத்துப் பார்த்துக்கொண்ட அக்கம்பக்கத்தாருக்கும், சம்பந்திக்கும் எங்கள் நன்றி. அன்று எதிர்வரிசையில் இருந்தவர்களும் இன்று வந்திருப்பீர்கள். எங்கள் அண்ணன் அடுத்தவர் இலைக்கு ஆசைப்பட்டவர் அல்லர். அவருக்கு இடப்பக்கம் கண் தெரியாது. பக்கத்தில் இருந்த நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.