வாசல் கண்ணாடியும் ஒரு குண்டுகரிச்சானும்

எங்கள் தெருவில் நிற்கும் இருசக்கர வண்டிகளின் கண்ணாடிகள் எல்லாம் சாக்ஸ் போட்டிருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பழைய சாக்ஸ், நழுவாமலிருக்க ரப்பர் பேண்டு போட்டது. வண்டிப்பெரியாரிலிருந்து, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கஞ்சிக்கோட்டுக்குக் குடிவந்த புதிதில் இதைக் கண்ணேறு கழிக்கும் வழக்கம் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுப் பழனிச்சாமியிடம் கேட்டேன். "குருவி கொத்துதுங்க" என்றார். பிறகு அவர் ஒன்று கேட்டார். "ஏனுங்க, உங்க பேச்சு தெக்கத்திப் பேச்சாட்ட இருக்குது. எந்த ஊருங்க?" வண்டிப்பெரியார் என்றேன். "அட, அப்ப மலையாளிங்களா?" என்றார். அவரும் கேரளத்தில் பிறந்து கேரளத்தில் வரி கட்டுகிறவர்தான்.

கொத்துவது குண்டுகரிச்சான். கறுப்பு உடம்பு, வெள்ளை வயிறு, தூக்கிய வால். கூடு கட்டும் காலத்தில் ஆண் கரிச்சான் தன் இடத்துக்குள் இன்னோர் ஆணை விடாது. கண்ணாடியில் தெரிவதும் அதன் கணக்கில் இன்னோர் ஆண்தான். எங்கள் வீட்டுக்கு ஒன்று இருந்தது, தண்ணீர்த் தொட்டி மேல் உட்காரும். பழனிச்சாமி வீட்டுக்கு ஒன்று, முருங்கை உச்சியில். விடிந்ததும் இரண்டும் மாறி மாறிப் பாடும். பாட்டில் தீராவிட்டால் மதில் மேல் எதிரெதிராக நிமிர்ந்து நிற்கும். ஆனால் அவற்றின் எல்லை மதிலில் இல்லை. எங்கள் பக்கத்துக் கொய்யாமரம் வரை அவருடைய கரிச்சானின் ஆட்சி. இந்தக் குடியிருப்பு முழுவதும் பழனிச்சாமி நிலக்கடலை போட்ட காடு. மனை பிரித்து விற்றுவிட்டாலும் ஒவ்வொரு எல்லைக்கல்லும் அவருக்கு மனப்பாடம். "எம்பட குருவி உங்க கொய்யாமரத்துக்குப் பட்டா வாங்கீருச்சுங்க" என்று சொல்லிச் சிரிப்பார்.

வண்டிப்பெரியார் லயத்தில் வளர்ந்த எங்களுக்கு எல்லைக்கல் புதிது. ஒரே கூரையின் கீழ் ஒட்டி ஒட்டி நிற்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீடுகள் அவை. முற்றம் எல்லாருக்கும் பொது. வீடு எஸ்டேட்டுடையது. குடும்பத்தில் ஒருவர் வேலையில் இருக்கும்வரை சாவி நம்மிடம் இருக்கும். அம்மாவுக்கு இந்த ஆண்டு பணி முடிந்தது. சாவியைக் கொடுத்துவிட்டு என்னிடம் வரலாம், அல்லது கேசுவலாக, அதாவது தற்காலிகக் கூலியாக, பெயர் கொடுத்து மறுபடியும் கொழுந்து எடுக்கப் போய் வீட்டை வைத்துக்கொள்ளலாம். அதை முடிவு செய்யத்தான் என்னிடம் வந்திருந்தார். ஒரு பையும், முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றும் கொண்டுவந்தார். பையைப் பிரிக்கவில்லை. கண்ணாடியை மட்டும் வாசல் கதவருகே, எலக்ட்ரீசியன் விட்டுப்போன ஆணியில் மாட்டினார்.

லயத்து வீடுகள் உள்ளே இருட்டு. அதனால் கண்ணாடி எப்போதும் வாசலில்தான் தொங்கும். பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு, ஓடும்முன் பெண்கள் வாசலில் நின்று தலை சீவுவார்கள். அங்கே எந்தக் குருவியும் கண்ணாடியைக் கொத்தி நான் பார்த்ததில்லை. அந்த வாசலில் எப்போதும் ஆள் இருந்தது காரணமாக இருக்கலாம்.

இங்கே மறுநாளே எங்கள் கரிச்சான் கண்ணாடியைக் கண்டுபிடித்தது. பாட்டை விட்டது, தொட்டியை விட்டது. காலை முழுவதும் கண்ணாடியோடு மல்லுக்கு நின்றது. பின்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்க்குள் அதன் பெட்டை முட்டை வைத்திருந்தது. காவல் இல்லாத அந்தப் பக்கமாக முருங்கைக் கரிச்சான் கொய்யாவைத் தாண்டி நகர்ந்தது.

பழனிச்சாமி மதில் வழியாக எட்டிப் பார்த்தார். "ஏனுங்க அக்கா, கண்ணாடிய உள்ளார மாட்டுங்க. இது இல்லாதவங்கூடச் சண்ட போட்டுட்டிருக்குது, எம்பட குருவி குழாய் வரைக்கும் வந்துருச்சு."

"உள்ள மாட்டணும்னா ஆணி அடிக்கணும்லா, அண்ணாச்சி."

"அடிங்க. உங்க பையன் ஊடுதானுங்க?"

"அவன் வீடுதான். அதத்தான் நானும் சொல்லுதேன்."

பழனிச்சாமிக்கு அது விளங்கவில்லை. லயத்துச் சுவரில் புதிதாக ஆணி அடிக்க ஆபீசில் கேட்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் ஆணியில் மாட்டிக்கொள்வதே வழக்கம். "எந்தச் சுவருன்னு காட்டும்மா, நான் அடிக்கேன்" என்றேன். அன்று மாலை அம்மா ஒவ்வோர் அறையாகச் சென்று சுவர்களைப் பார்த்தார். எதையும் காட்டவில்லை.

அடுத்த நாள் காலை கண்ணாடி அதே ஆணியில், முகத்தைச் சுவருக்குத் திருப்பியபடி தொங்கியது. தலை சீவும்போது மட்டும் அம்மா அதைத் திருப்பினார், சீவியதும் மறுபடி கவிழ்த்தார். கரிச்சான் வந்தது, எதிரியைத் தேடியது, இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. மதியத்துக்குள் முருங்கைக் கரிச்சானைக் கொய்யாவரை துரத்தியிருந்தது. முட்டைகள் தப்பின.

அந்த வாரமே அம்மா கிளம்பினார். "கேசுவலுக்குப் போன்லயே பேரு குடுத்துட்டேன். ஒடம்பு கேக்குற வரைக்கும் பாப்போம்." கண்ணாடியைக் காட்டினேன். "இங்கனயே கெடக்கட்டும். அங்க ஒண்ணு வாங்கிக்கிடுதேன்." பொள்ளாச்சி, பழனி, தேனி, குமுளி என்று பேருந்து மாறிப் போக வேண்டும். கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போக, இந்த வழியில் தமிழ்நாட்டைக் குறுக்கே கடக்க வேண்டியிருக்கிறது.

கண்ணாடி இன்னும் கவிழ்ந்தே தொங்குகிறது. அதன் முதுகில் சிவப்பு பெயின்டில் 4/7 என்று எழுதியிருக்கிறது. நாலாம் லயம், ஏழாம் வீடு. வெள்ளையடிக்கும்போது எல்லார் சாமானும் முற்றத்துக்கு வந்துவிடும், மாறிப்போகாமலிருக்க எல்லாவற்றிலும் எண் எழுதிவைப்போம். நேற்று கூரியர்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினார். "சேட்டா, ஏழாம் நம்பர் வீடு இதல்லே?" இல்லை என்று சொல்லி அடுத்த தெருவைக் காட்டினேன். அவர் நம்பாமல் மறுபடியும் எண்ணைப் பார்த்தார். அப்போது எங்கள் கரிச்சான் வந்து கண்ணாடியின் விளிம்பில் உட்கார்ந்து, முருங்கைப் பக்கம் திரும்பிப் பாடத் தொடங்கியது.